ஷிப்ட் வேலையும் சீட்டுக்கட்டும்: கொழும்புக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஷிப்ட் வேலை தொடங்கியவர்கள் முதல் மாதத்தில் சொல்லும் முறைப்பாடு ஒன்றுதான்: நேரமே இல்லை. கணக்குப் பார்த்தால் அது சரியில்லை. எட்டு மணித்தியாலம் வேலை, எட்டு மணித்தியாலம் நித்திரை, போய்வர இரண்டு என்று கழித்தாலும் ஆறு மிஞ்சும். காலையில் கந்தோருக்குப் போய்ப் பின்னேரம் வீடு வருகிறவருக்கும் அதே ஆறுதான். ஆனால் அவருடைய ஆறு மணித்தியாலம் ஊரோடு சேர்ந்து வருகிறது, உங்களுடையது தனியே வருகிறது. நீங்கள் எழும்பும்போது நண்பர்கள் வேலையில். அவர்கள் காலிமுகத்திடலில் இறால் வடை சாப்பிடும்போது நீங்கள் டியூட்டிக்கு வெளிக்கிடுகிறீர்கள்.

அதனால் பொழுதுபோக்கைத் தெரிவு செய்யும்போது எது பிடிக்கும் என்பதோடு, அதற்கு இன்னும் எத்தனை பேருடைய நேரம் வேண்டும் என்றும் பாருங்கள். பாட்டுக் கேட்க யாரும் வேண்டாம். வாசிக்கவும் யாரும் வேண்டாம், ஆனால் களைக்காத மூளை வேண்டும். மேசையில் இருந்து விளையாட நாலு பேர் வேண்டும். கடினம் கூடிக்கொண்டு போகும் வரிசை அது. கீழே சொல்வதும் அந்த வரிசையில்தான். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ ஹட்டனிலிருந்தோ வந்து, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஓர் அறை எடுத்து, ஆஸ்பத்திரி, துறைமுகம், ஹோட்டல், கோல் சென்டர் என்று எங்காவது ஷிப்ட் செய்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

1. ரோஸ்டரை நித்திரைக் கணக்காக மாற்றுங்கள்

ரோஸ்டர் வந்ததும் போனில் படம் எடுத்து வைப்பது எல்லோரும் செய்வது. அது போதாது. சுவரில் தொங்கும் கலண்டரில் எழுதுங்கள். வேலை நேரத்தை எழுத வேண்டாம், அது எப்படியும் ஞாபகம் இருக்கும். நித்திரை நேரத்தை எழுதுங்கள். நைட் முடித்து வரும் நாளை ரோஸ்டரில் ஓஃப் என்று போட்டிருப்பார்கள். அது ஓஃப் இல்லை, படுக்கிற நாள். அதை நம்பி யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

போயா நாட்களை வட்டமிடுங்கள். பௌர்ணமி தோறும் அரசு விடுமுறை. உங்களுக்கு வேலை இருந்தாலும் பகல் வேலைக்காரர்கள் வீட்டில் இருப்பார்கள். நைட் செய்துவிட்டு எழும்புகிற உங்களோடு பின்னேரம் உட்கார ஆள் கிடைக்கும் நாள் அது.

வெளிநாட்டு நேரத்துக்கு வேலை செய்கிறவர்கள் இன்னொன்றையும் குறிக்க வேண்டும். லண்டனில் காலை 9 மணி என்றால் குளிர்காலத்தில் நமக்குப் பிற்பகல் 2.30, கோடையில் 1.30. நியூயோர்க்கின் காலை 9 மணி நமக்கு இரவு 7.30, கோடையில் 6.30. பிரிட்டன் மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் கடைசி ஞாயிறும் மணிக்கூட்டை மாற்றும். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் மாற்றும். ஒரு நாடு மாற்றி மற்றது மாற்றாத அந்த நாட்களில் இரண்டுக்கும் இடையிலான கணக்குப் பிசகி நிற்கும். ஒரே அறையில் ஒருவர் லண்டனுக்கும் மற்றவர் அமெரிக்காவுக்கும் வேலை செய்தால் ஒன்றாகச் சாப்பிடும் நேரம்கூட மாறிப்போகும்.

தேநீரையும் இந்தக் கலண்டருக்குள் கொண்டுவாருங்கள். உடம்பில் சேர்ந்த கஃபீனில் பாதி கழிய ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் ஆகும். விடியப்புறம் நாலு மணிக்குக் குடித்த பிளேன்டீ ஒன்பது மணிக்கும் உள்ளே பாதி வேலை செய்துகொண்டிருக்கும். இரண்டு மணிக்குக் கடைசித் தேநீர் என்று வைத்துக்கொண்டால் பகல் நித்திரை பிழைக்கும்.

2. பாட்டு: நித்திரைக்கு இரண்டு பக்கமும்

பாட்டுக்கு என்று நேரம் ஒதுக்கத் தேவையில்லை. எழும்பிய பிறகு அரை மணி, படுக்க முன் அரை மணி, இந்த இரண்டு இடமும் போதும். முக்கியமானது, இரண்டுக்கும் ஒரே பட்டியலைப் போடாதது. எழும்பும்போது தாளம் தூக்கலான பாட்டு, எழுபதுகளின் ஈழத்துப் பொப்பிசை மாதிரி. படுக்க முன் சொல் இல்லாத இசை, நாதஸ்வரமோ வீணையோ புல்லாங்குழலோ. தெரிந்த பாட்டு என்றால் வாய் தானாகச் சேர்ந்து பாடும், அப்புறம் நித்திரை எங்கே வரும்?

தேவாரப் பண்களைப் பகற்பண், இராப்பண், பொதுப்பண் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். மேகராகக்குறிஞ்சி இராப்பண். இன்று அதை நீலாம்பரியில் பாடுகிறார்கள், தாலாட்டுக்குப் பேர்போன ராகம். நைட் முடித்து வந்து காலை எட்டரைக்கு யன்னல் திரையை இழுத்துவிட்டு நீலாம்பரி போட்டால் எந்த ஓதுவாரும் வழக்குப் போட வரப்போவதில்லை. உங்களுக்கு அதுதான் இரவு. போனில் நேரம் வைத்து, அரை மணியில் தானாக நிற்கும்படி செய்துவிடுங்கள்.

கொழும்பில் பகல் நித்திரைக்கு எதிரிகள் பல. கட்டட வேலை, கோயில் ஒலிபெருக்கி, கீழ்வீட்டுத் தொலைக்காட்சி. எல்லாவற்றுக்கும் மேலே பாண் விற்கும் ஓட்டோ. பீத்தோவனின் அந்தச் சின்னப் பியானோ மெட்டை அலறவிட்டுக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக வரும். பியானோ படிக்கிற பிள்ளைகள் அதை எவ்வளவு உருகி வாசித்தாலும் கொழும்பில் பிறந்தவருக்கு மாலு பாண்தான் ஞாபகம் வரும். இதற்கு மருந்து பாட்டு அல்ல. மின்விசிறியைக் கூட்டி வையுங்கள், அந்த ஒரே சீரான சத்தம் மற்றவற்றை விழுங்கிவிடும். காதுக்குள் எதையாவது போட்டுக்கொண்டு முழுப் பகலும் படுப்பது காதுக்கு நல்லதில்லை.

சத்தத்தின் அளவைப் பற்றியும் ஒரு சொல். பெரியவர்களுக்குக் கிழமைக்கு 40 மணித்தியாலம், 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. காலி வீதியில் தனியார் பஸ்ஸில் ஏறினால் சாரதியின் ஸ்பீக்கரை வெல்வதற்காக இயர்போனைக் கூட்டுவோம், அங்கேதான் எல்லை தாண்டும். அந்தப் போட்டி வேண்டாம். கழற்றி வைத்துவிட்டு பஸ்ஸில் போகும் பைலாவையே கேளுங்கள். நாலு நாளில் பிடித்துவிடும், சிங்களமும் கொஞ்சம் வரும்.

கோல் சென்டரில் முழு டியூட்டியும் காதில் ஹெட்செட் இருக்கும். அப்படிப்பட்டவர்கள் வேலை முடிந்த முதல் ஒரு மணித்தியாலம் ஒன்றுமே கேட்காமல் இருப்பது நல்லது.

இன்னொன்று, இதில் விட்டுக்கொடுக்க முடியாது. மரைன் டிரைவுக்கும் கடலுக்கும் நடுவில் ரயில் பாதை ஓடுகிறது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடற்கரைக்குப் போகத் தண்டவாளத்தைக் கடந்துதான் போக வேண்டும். அலைச் சத்தத்திலும் காற்றிலும் ரயில் வருவது சும்மாவே கேட்காது. நைட் முடித்த கண்ணோடு, காதில் பாட்டோடு அந்த இடத்தைக் கடக்காதீர்கள். இரண்டு காதிலிருந்தும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கடவுங்கள்.

3. வாசிப்பு: மூளை எப்போது விழித்திருக்கிறது?

நைட் முடித்து வந்து வாசிக்கலாம் என்று நினைப்பவர்கள் ஒரே பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அது வாசிப்பு நேரம் இல்லை. டியூட்டிக்குப் போகும் வழிதான் வாசிப்பு நேரம். ஷிப்ட் வேலைக்காரருக்குக் கொழும்பு கொடுக்கும் ஒரே சலுகை இது: ஊர் போகும் திசைக்கு எதிராகப் போவதால் 100, 101 பஸ்களில் உங்களுக்கு இருக்கை கிடைக்கும். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு ரயிலில் போகும் நேரம் ஒரு சிறுகதைக்குக் கணக்கான நேரம். நாவலை வீட்டில் விடுங்கள், பையில் சிறுகதைத் தொகுப்போ பழைய சஞ்சிகையோ வையுங்கள்.

டியூட்டிக்கு நடுவே வாசிக்க முடியுமா என்பது இடத்தைப் பொறுத்தது. மேலதிகாரியிடம் முதலே கேட்டுவிடுங்கள். போனில் நோண்டுவதை விடக் கையில் புத்தகம் இருப்பதைப் பலர் மன்னிக்கிறார்கள். ஆனால் விடியப்புறம் மூன்றிலிருந்து ஐந்து மணி வரை உடம்பு ஆகக் கீழே இறங்கி நிற்கும் நேரம், அப்போது கனமான எதையும் எடுக்காதீர்கள். கவிதை, துணுக்கு, சமையல் குறிப்பு, எதுவும் சரி.

புத்தகம் எங்கே? வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்குக் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் நடந்து போகும் தூரம். 1942இல் தொடங்கிய சங்கம், பின்னேர ஷிப்டுக்கு முன் ஒரு மணி நேரம் அமைதியாக இருக்க நல்ல இடம். விலைக்கு வாங்க பூபாலசிங்கம் புத்தகசாலை வெள்ளவத்தையிலும் செட்டியார் தெருவிலும் இருக்கிறது. விஹாரமகாதேவிப் பூங்காப் பக்கம் கொழும்புப் பொது நூலகம், 1925இலிருந்து இருக்கிறது. மருதானைப் பக்கம் டி. ஆர். விஜேவர்தன மாவத்தையின் பழைய புத்தகக் கடைகளில் சிங்களமும் ஆங்கிலமும்தான் அதிகம், தமிழைக் கிண்டித்தான் எடுக்க வேண்டும். கிண்டுவதற்குப் பொறுமை உள்ளவர்களுக்குச் சொல்கிறேன். செப்டெம்பரில் பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபத்தில் சர்வதேசப் புத்தகக் கண்காட்சி நடக்கும்போது சனி ஞாயிறு உள்ளே கால் வைக்க முடியாது. வேலை நாள் காலையில் போங்கள், ஊர் கந்தோரில் இருக்கும்.

காசு இல்லாத மாதக்கடைசியில் ‘நூலகம்’ என்ற இணையத்தளம் இருக்கிறது. 2005இலிருந்து ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் சேர்த்து இலவசமாக வாசிக்கக் கொடுக்கிறார்கள். 1966இல் யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா தொடங்கிய மல்லிகை இதழ்களை அங்கே எடுக்கலாம். அறையில் வைஃபை இருக்கும்போது இறக்கிவிட்டால் பஸ்ஸில் டேட்டா செலவில்லை.

நாவல் வாசிப்பவர்களுக்கு ஒரு சின்ன உபாயம். நைட் கிழமை வந்தால் புத்தகம் பத்து நாள் மூடியே கிடக்கும். திரும்ப எடுக்கும்போது யார் யாருக்கு மச்சான் என்பது மறந்திருக்கும். புத்தகத்தை மூடும்போது ஒரு பஸ் டிக்கட்டின் பின்பக்கத்தில் மூன்று வரி எழுதி உள்ளே வையுங்கள்: யார் எங்கே நிற்கிறார்கள், என்ன சண்டை, அடுத்து என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள். மூன்றாவது வரி பிழைத்துப் போவதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது.

4. மேசை விளையாட்டு: ஓஃபைத் தேடாதீர்கள்

இங்கேதான் பலர் தோற்றுப் போகிறார்கள். "எல்லாருக்கும் ஓஃப் வரட்டும், ஒருநாள் இருப்பம்" என்பார்கள். நாலு பேருக்குக் கிழமையில் ஒரு ஓஃப், அதுவும் எந்த நாள் என்பது ரோஸ்டர் போடுகிறவரின் விருப்பம் என்று வையுங்கள். நாலு ஓஃபும் ஒரே நாளில் விழ 343 கிழமைக்கு ஒருமுறைதான் வாய்ப்பு. ஆறரை வருடம். அதற்குள் இரண்டு பேர் கனடாவுக்குப் போயிருப்பார்கள்.

தேட வேண்டியது ஷிப்டுகள் ஒட்டும் இடத்தை. அரச ஆஸ்பத்திரித் தாதியர் காலை 7 முதல் 1 வரை, 1 முதல் 7 வரை, இரவு 7 முதல் காலை 7 வரை என்று மாறுவார்கள். காலை ஷிப்ட் முடித்தவர் மூன்றரை மணிக்குச் சாப்பிட்டு ஆறியிருப்பார். நைட் செய்தவர் எழும்பியிருப்பார். பின்னேர ஷிப்ட்காரர் மட்டும் இல்லை. ஆகவே பின்னேரம் மூன்றரைக்கும் ஐந்தரைக்கும் இடையில் எந்த நாளும் உங்கள் கூட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு பேர் கிடைப்பார்கள். நாலு பேர் விளையாட்டுக்கு ஆறு பேரைச் சேர்த்து வையுங்கள், பிரச்சினை தீர்ந்தது. ஐந்தரைக்கு எழும்பிவிட வேண்டும் என்பது சட்டம். நைட்டுக்குப் போகிறவர் "கடைசி ஒரு கை" என்று பஸ்ஸை விடக்கூடாது.

என்ன விளையாடுவது? என் தீர்ப்பு முந்நூற்றுநாலு. ஒரு சீட்டுக்கட்டு போதும், சட்டைப் பையில் அடங்கும், ஒரு கை பத்து நிமிடத்துக்குள் முடியும், நடுவில் ஒருவர் எழும்பினால் இன்னொருவர் உட்காரலாம். தெரியாதவர்களுக்குப் படிப்படியாகச் சொல்கிறேன்.

கட்டிலிருந்து இரண்டு முதல் ஆறு வரையான சீட்டுகளை எடுத்துவிடுங்கள். 32 மிஞ்சும். எறிந்துவிடாதீர்கள், வெற்றிக் கணக்கு வைக்க உதவும். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. வெட்டும் வரிசையும் இதேதான். கூட்டினால் ஓர் இனத்துக்கு 76, நாலு இனத்துக்கு 304, பெயர் வந்த வழி அது. வேறு சீட்டாட்டம் பழகியவர்களுக்கு ஒன்பது ஆசை வெட்டுவது முதலில் மனதுக்கு ஒவ்வாது. முதல் நாள் இந்த வரிசையை ஒரு துண்டில் எழுதி மேசை நடுவில் வையுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

எதிரெதிரே இருப்பவர்கள் ஒரு கட்சி. வலப்பக்கமாகச் சுற்றி ஆளுக்கு நாலு சீட்டுப் போடுங்கள். அந்த நாலைப் பார்த்துக் கேள்வி தொடங்கும், பெரும்பாலும் 160இலிருந்து. 304இல் பாதி 152, ஆகவே பாதிக்கு மேல் எடுப்பேன் என்று சொல்வதுதான் கேள்வி. கூடக் கேட்டவர் தன் துரும்பு இனத்தில், அதாவது மற்ற இனங்களை வெட்டும் இனத்தில், ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பார். அதன்பின் மீதி நாலு சீட்டு. துரும்பு என்னவென்று அவரைத் தவிர யாருக்கும் தெரியாது, அவருடைய கட்சிக்காரருக்கும் தெரியாது. சுற்றில் முதலில் இறங்கிய இனம் கையில் இல்லாதவர் ஒரு சீட்டைக் கவிழ்த்துப் போடலாம். துரும்புக்காரர் அதை எடுத்துப் பார்ப்பார். துரும்பாக இருந்தால் திறந்து காட்ட வேண்டும், பிடி (அந்தச் சுற்றின் நாலு சீட்டும்) வெட்டியவருக்கு. இல்லை என்றால் முகம் மாறாமல் திருப்பிக் கவிழ்ப்பார். அந்த இரண்டு செக்கனில் மேசையில் மூன்று பேரும் சீட்டைப் பார்க்கமாட்டார்கள், அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

விதிகள் ஊருக்கு ஊர் மாறும். துரும்பை எப்போது திறப்பது, மோசமான கையைத் திருப்பிப் போடலாமா என்பவற்றில் யாழ்ப்பாணத்தாரும் மலையகத்தாரும் ஒரே மேசையில் இருந்தால் சண்டை நிச்சயம். முதல் கைக்கு முன் கதைத்து முடிவு செய்யுங்கள். கண் சாடை கூடாது. காசு வைக்கவே வேண்டாம், சம்பள நாள் வேறு வேறாக இருக்கிறவர்களுக்குள் கடன் வளர்ந்தால் கூட்டம் கலைந்துவிடும். டியூட்டி உடுப்போடு வேலை இடத்தில் சீட்டு விரிக்காதீர்கள். நோயாளியின் உறவினர் பார்த்தால் இடைவேளை என்று நம்பமாட்டார்.

கரம்போர்ட் பகல் விளையாட்டு. 74 சென்ரிமீற்றர் ஆடுகளம், சுற்றிச் சட்டம் வேறு, பஸ்ஸில் கொண்டுபோக முடியாது. யார் வீட்டில் பலகை இருக்கிறதோ அங்கேதான் கூட்டம். இரவு பத்து மணிக்கு ஸ்ட்ரைக்கர் சட்டத்தில் அடிபடும் சத்தம் கீழ்வீட்டுக்கு நேரே இறங்கும். பலகைக்குக் கீழே மடித்த போர்வை போட்டால் கொஞ்சம் குறையும், முழுவதும் நிற்காது.

வெளிநாட்டுப் பெட்டி விளையாட்டுகளில் ஆசை உள்ளவர்கள் விலையை மட்டும் பார்க்காமல் பெட்டியில் போட்டிருக்கும் நேரத்தையும் பாருங்கள். முக்கால் மணியில் முடிவது சரிவரும். 1995இல் ஜெர்மனியில் வந்த கட்டான் மாதிரியானவை ஒன்றரை மணியையும் சாப்பிடும், அதற்குப் போயா நாள்தான். ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக் கதை வளர்க்கும் ஆட்டங்களுக்கு அதே ஆட்கள் கிழமை தவறாமல் வர வேண்டும். ரோஸ்டர் அதற்கு விடாது. ஒவ்வொரு முறையும் கதை முடிந்துவிடும்படி நடத்துங்கள்.

5. ஒருவரும் கிடைக்காத கிழமை

அறைத் தோழர் எதிர் ஷிப்ட் என்றால் முகமே பார்க்கக் கிடைக்காது. மேசையில் ஒரு சதுரங்கப் பலகையை விரித்து வையுங்கள். நைட் முடித்து வருகிறவர் ஒரு காய் நகர்த்திவிட்டுப் படுப்பார், பின்னேரம் வருகிறவர் ஒன்று நகர்த்துவார். பக்கத்தில் ஒரு துண்டில் கடைசி நகர்த்தலை எழுத வேண்டும். அறை கூட்டுகிறவரும் பல்லியும் காய்களை நகர்த்துவதுண்டு, துண்டு இல்லாவிட்டால் நீதி கேட்க வழியில்லை. அறையில் தனியே இருப்பவர்களுக்கு லிச்செஸ் என்ற இலவசச் செயலியில், ஒரு நகர்த்தலுக்கு ஒரு நாளிலிருந்து 14 நாள் வரை அவகாசம் வைத்து ஊரிலுள்ள தம்பியுடன் விளையாடலாம்.

ஆறு பேர் சேரவில்லை, ஐந்துதான் என்றால் வெளியே தேட முன் வீட்டுக்கார ஐயாவிடம் ஒருமுறை கேளுங்கள். ஓய்வுபெற்றவராக இருந்தால் நீங்கள் பிறக்கும் முன்பிருந்தே முந்நூற்றுநாலு விளையாடுகிறவராக இருக்க இடமுண்டு, ரோஸ்டரும் கிடையாது. துரும்பு திறக்கும் விதியை மட்டும் அவர் சொல்கிறபடி வைத்துக்கொள்ளுங்கள். மாத முதலில் வாடகை அவரிடம்தான் கொடுக்க வேண்டும்.